பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: சக்கரமும் டயரும் தேர்ந்தெடுத்த அனுபவம்

முப்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய சக்கரம் வாங்க முனைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சக்கரத்தின் தோற்றத்தைப் பார்க்கிறார்கள். பிறகு அது காரில் ஏறுமா என்று விசாரிக்கிறார்கள். எந்த டயர் என்ற கேள்வியைக் கடைசியில் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை முற்றிலும் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த கருத்து. காரின் எடைக்கும் நாம் ஓட்டும் சாலைக்கும் பொருந்தும் டயர் அளவை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த டயரைச் சரியாகத் தாங்கும் அகலமும் ஆஃப்செட்டும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதன் அளவு) உள்ள சக்கரத்தை அடுத்துத் தேட வேண்டும். அப்படிக் கிடைத்தவற்றுள் நம் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. என்.ஏ. என்று அழைக்கப்படும் முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். கார் அதிகமும் ஓடுவது டார்பிஷயரின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச்சாலைகளில். வாங்கியபோது அதில் முந்தைய உரிமையாளர் பொருத்திய 17 அங்குல அலாய் சக்கரங்களும் 205/40 ஆர்17 டயர்களும் இருந்தன. நின்ற நிலையில் கார் நன்றாகவே தோன்றியது. ஆனால் ஸ்நேக் பாஸ் எனப்படும் ஏ57 சாலையில், குளிர்காலப் பனியால் வெடித்து ஒட்டுப்போட்ட பரப்பின் மீது ஏறியதும், ஸ்டீயரிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையை இழுத்தது. வளைவின் நடுவே சிறு மேடு வந்தால் பின்பக்கம் துள்ளி இடம் மாறியது. சஸ்பென்ஷன் புஷ்களும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்) ஷாக் அப்சார்பர்களும் நல்ல நிலையில் இருந்ததை முதலிலேயே சோதித்திருந்தேன். இதைச் செய்யாமல் எவரும் சக்கரத்தைக் குறை சொல்லக் கூடாது; இந்த வயதுள்ள காரில் தேய்ந்த புஷ்ஷும் தளர்ந்த பால் ஜாயின்ட்டும் (சக்கரத்தைத் திரும்பவிடும் உருண்டை மூட்டு) காட்டும் அறிகுறிகள், தவறான சக்கர அளவு காட்டும் அறிகுறிகளோடு எளிதில் குழம்பிவிடும்.

அதன் பின்னரே தொழிற்சாலை இந்தக் காருக்கு என்ன கொடுத்தது என்பதைப் படிக்கத் தொடங்கினேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் அளவு 185/60 ஆர்14 டயர், 14 அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல அகலமும் கொண்ட சக்கரம், 45 மி.மீ. ஆஃப்செட். இன்று சிறிய குடும்பக் கார்களில்கூட இதைவிடப் பெரிய சக்கரத்தைப் பார்க்கிறோம். ஆனால் தோஷிஹிகோ ஹிராயின் தலைமையில் உருவான இந்தக் காரின் எடை சுமார் 960 கிலோ. முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பகிரப்பட்ட எடை. நான்கு மூலைகளிலும், சக்கரத்தை மேலும் கீழுமாக இரு கைகளால் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். ஒரு மூலைக்குச் சராசரியாக 240 கிலோ மட்டுமே விழுகிறது. குறைந்த எடைக்கு ஏற்ற குறுகிய டயர், அந்த டயர் மெல்ல நெகிழ்ந்து ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை, அதைக் கைக்குக் கொண்டு வரும் லேசான ஸ்டீயரிங் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டவை. மாஸ்டா 2017இல் ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் காருக்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்தபோது, மீண்டும் தயாரிக்கப்பட்ட பாகங்களுள் பிரிட்ஜ்ஸ்டோனின் எஸ்எஃப்325 டயரும் அதே 185/60 ஆர்14 அளவில் இடம்பெற்றது. டயரையும் காரின் ஒரு பாகமாகவே தயாரிப்பாளர் கருதுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அளவுகளை ஒப்பிடக் கணக்கு எளிது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே பக்கச்சுவர் 111 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு சேர்ந்து 222; அதோடு 14 அங்குலத்துக்குரிய 355.6ஐக் கூட்டினால் மொத்த விட்டம் 577.6 மி.மீ. இதுதான் நமக்கு அடிப்படை எண். 195/50 ஆர்15 டயரின் விட்டம் 576. வேறுபாடு கால் சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. 205/50 ஆர்15 என்றால் 586. ஒன்றரை சதவீதம் பெரிது. இரண்டாம் தலைமுறையின் சில வகைகளில் தொழிற்சாலையே கொடுத்த 205/45 ஆர்16 சுமார் 591, அது 2.3 சதவீதம் பெரிது. என் காரில் இருந்த 205/40 ஆர்17 சுமார் 596 மி.மீ.; மூன்று சதவீதத்துக்கு மேல் பெரிது, ஆனால் பக்கச்சுவர் 111இலிருந்து 82 மி.மீ.ஆகச் சுருங்கிவிட்டது. பள்ளத்தில் விழும்போது டயர் உள்வாங்க வேண்டிய அதிர்ச்சியில் பெரும்பகுதி ஏன் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போனது என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

விட்டம் பெரிதானால் கேடுகள் பல வகையில் வரும். இந்தக் காரின் வேகமானி கியர்பாக்ஸிலிருந்து கேபிள் மூலம் இயங்குவது. டயர் மூன்று சதவீதம் பெரிதானால் கார் காட்டுவதைவிட மூன்று சதவீதம் வேகமாகப் போகும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பதே இங்குள்ள விதி; தொழிற்சாலை சற்றுக் கூடுதலாகக் காட்டும்படி வைத்திருக்கும் இடைவெளியைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது. இரண்டாவதாக, 1.6 லிட்டர் எஞ்சினின் பின்னச்சுப் பல்சக்கர விகிதம் 4.3, பெரிய டயர் அதை மறைமுகமாக நீட்டி, ஏற்கெனவே பெரிய ஆற்றல் இல்லாத எஞ்சினை மேட்டில் மேலும் சோர்வடையச் செய்கிறது. மூன்றாவதாக, மட்கார்டுக்குள் இருக்கும் இடைவெளி குறைகிறது. ஒன்றரை சதவீதம் வரை எனக்கு உறுத்தலில்லை. இரண்டு சதவீதத்துக்கு மேல் போவதற்கு ஒரு நல்ல காரணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எடையை நான் குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 17 அங்குலச் சக்கரமும் டயரும் சேர்ந்து சுமார் 17 கிலோ. நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிய, ஏழு ஆரங்கள் கொண்ட தொழிற்சாலைச் சக்கரம் 185/60 டயரோடு சேர்ந்து பன்னிரண்டரை கிலோவை ஒட்டி நின்றது. ஒரு மூலைக்கு நான்கரை கிலோ கூடுதல் என்பது பெரிய காரில் பொருட்படுத்தத் தகாததாக இருக்கலாம். இவ்வளவு இலகுவான காரில், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை அப்படிக் கூடும்போது, சாலையின் ஒவ்வொரு அலைக்கும் சக்கரத்தை மீண்டும் தரையோடு அழுத்தும் வேலை ஷாக் அப்சார்பருக்குக் கடினமாகிறது. அது மட்டுமன்று, பெரிய சக்கரத்தில் அந்த எடை மையத்திலிருந்து தொலைவில் இருக்கிறது, அதனால் அதைச் சுழலத் தொடங்கவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். இரவல் சக்கரங்களை மாட்டி அதே சாலையில் ஓட்டியபோது கார் வேறாகவே இருந்தது: மேடுபள்ளம் உணரப்பட்டது, ஆனால் திசையைக் கலைக்கவில்லை. எந்த அளவை வாங்கினாலும் வாங்குவதற்கு முன் இப்படி ஒரு மூல அளவுச் சக்கரத்தை இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள் என்று இந்தக் காரை வைத்திருக்கும் அனைவருக்கும் சொல்வேன். ஒப்பிட ஓர் அடிப்படை இல்லாமல் எந்த மாற்றத்தையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

இனி ஆஃப்செட். மேலே சொன்ன அனைத்தையும் சரியாகச் செய்பவர்களும் இந்த இடத்தில் அவசரப்படுவதைப் பார்க்கிறேன், ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கரம் ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் சுழல் மையம்) மீது உட்காரும் பரப்புக்கும் சக்கரத்தின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் இடையேயுள்ள தொலைவே ஆஃப்செட். எண் பெரிதாக இருந்தால் சக்கரம் உள்ளே போகும்; சிறிதாக இருந்தால் வெளியே வரும். அகலத்தையும் ஆஃப்செட்டையும் எப்போதும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மூலச் சக்கரத்தின் அகலம் 139.7 மி.மீ.; அதில் பாதி ஏறக்குறைய 70. ஆஃப்செட் 45 என்பதால் ஹப் பரப்பிலிருந்து வெளிப்புறம் சுமார் 25 மி.மீ., உட்புறம் சுமார் 115 மி.மீ. இப்போது பலரும் வாங்கும் ஏழு அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் கொண்ட சக்கரத்தை எடுத்துக்கொள்வோம்: வெளிப்புறம் சுமார் 54, உட்புறம் சுமார் 124. அதாவது வெளியே 29 மி.மீ., உள்ளே 9 மி.மீ. கூடுகிறது. மட்கார்டை முழுதும் நிரப்பி நிற்க வேண்டும் என்பதற்காக அதே அகலத்தில் 25 ஆஃப்செட் வாங்குகிறவர்கள் சக்கரத்தின் வெளி விளிம்பை மூல நிலையிலிருந்து கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் வெளியே தள்ளுகிறார்கள். எனக்குப் பிடித்த ஆறு அங்குல அகலம், 40 ஆஃப்செட் என்றால் வெளிப்புறம் 36, உட்புறம் 116: வெளியே 11 மி.மீ.தான் கூடுகிறது, உட்புறம் மாறவேயில்லை என்று சொல்லலாம்.

இந்த எண்கள் இடைவெளிக்கு மட்டும் உரியவை அல்ல. முன்சக்கரம் திரும்பும் அச்சு, மேல் கீழ் பால் ஜாயின்ட்டுகளின் ஊடே ஒரு சாய்ந்த கோடாகச் சென்று தரையைத் தொடுகிறது. அந்தப் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுவுக்கும் இடையேயுள்ள தொலைவைப் பொறியாளர்கள் கவனமாகத் தீர்மானித்திருப்பார்கள். சக்கரத்தை வெளியே தள்ளும்போது அந்தத் தொலைவு கூடுகிறது. பள்ளமோ, ஒரு பக்கம் மட்டும் தேங்கிய நீரோ சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்போது அதற்குக் கிடைக்கும் நெம்பு கூடுகிறது. ஸ்டீயரிங் கனமாகி, கனரக வண்டிகள் தடம் பதித்த சாலையில் கார் அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து அலைகிறது. என் கார் பவர் ஸ்டீயரிங் இல்லாதது. ஆகையால் இதைக் கை உடனே உணர்ந்தது. வீல் பேரிங்கின் மீதான சுமையும் அதே காரணத்தால் கூடுகிறது. மூல நடுக்கோட்டிலிருந்து ஐந்து முதல் பத்து மில்லிமீட்டருக்கு மேல் சக்கரத்தை வெளியே நகர்த்தாமல் இருப்பதே சாலைக்கான காருக்கு நல்லது. ரேஸ் பாதையில் அகன்ற டயர் போடுகிறவர்களின் தேவை வேறு. அவர்களுடைய அளவுகளை அப்படியே எடுத்துச் சாலைக் காருக்குப் போடுவதில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

சக்கரம் ஹப்பில் சரியாக உட்காருவதற்கு மூன்று அளவுகள் பொருந்த வேண்டும். முதலாவது 4×100, அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு போல்ட்டுகள். இரண்டாவது நடுத்துளை, 54.1 மி.மீ. மூன்றாவது நட்டின் வகை: எம்12×1.5 மரை, 60 பாகைக் கூம்பு முனை. 4×100 என்பது பல நிறுவனங்களின் சிறிய கார்களுக்குப் பொதுவானது என்பதால், பழைய ஹோண்டா, பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் சக்கரங்கள் எம்எக்ஸ்-5இல் ஏறிவிடும். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. ஹோண்டாவின் நடுத்துளை 56.1, இரண்டு மில்லிமீட்டர் தளர்வை நிரப்ப ஹப் ரிங் வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மையம் விலகி அதிர்வு வரும். அதைவிட முக்கியமாக, ஹோண்டாவின் தொழிற்சாலைச் சக்கரங்களில் நட் உட்காரும் குழி உருண்டை வடிவில் இருக்கும். அதே மரையுள்ள கூம்பு நட்டை அதில் முடுக்கினால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் தொடும் பரப்பு ஒரு மெல்லிய வளையம் மட்டுமே. ஓடும்போது அது தளரக்கூடும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டாம் கைச் சக்கரம் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் குழியின் வடிவத்தை விரலால் தடவியாவது பார்க்க வேண்டும்.

பிரேக்கையும் மறக்கக் கூடாது. நம்மூர்க்காரத் தம்பி ஒருவர் இங்கே இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வாங்கியபோது, “அண்ணா, 14 அங்குலச் சக்கரம் ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது, நீங்கள் சொல்கிற மாதிரி சிறிய சக்கரமே போட்டுவிடலாமா?” என்று கேட்டார். “முன் டிஸ்க்கின் விட்டத்தை அளந்து சொல்லுங்கள் தம்பி, பிறகு பார்க்கலாம்” என்றேன். 1.6 லிட்டர் காரில் முன் டிஸ்க் 235 மி.மீ.; 1.8 லிட்டரில் 255. பின்னால் வந்த ஸ்போர்ட் வகைகளில் 270. அவருடையது 270, அதன் காலிப்பருக்கு (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) மேல் 14 அங்குலச் சக்கரம் ஏறாது. சிறிய சக்கரம் நல்லது என்ற என் கருத்துக்கு இது ஒரு வரம்பு. 15 அங்குலத்திலும்கூட, விட்டம் பொருந்தினாலும் ஆரங்களின் உட்பக்க வளைவு காலிப்பரில் உரசும் சக்கரங்கள் உண்டு. ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டிக் கையால் சுழற்றிப் பார்த்த பிறகே நான்கையும் வாங்குவது நல்லது.

டயரின் அகலத்தைப் பொறுத்தவரை, 195 மி.மீ. இந்தக் காருக்குப் போதுமான மேல் எல்லை என்பது என் தீர்மானமான எண்ணம். 205 போட்டால் உலர்ந்த வளைவில் பிடிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் 240 கிலோ மட்டுமே தாங்கும் டயர் அகலமாகும்போது சாலையின் மீதான அழுத்தம் பரந்துவிடுகிறது; தேங்கிய நீரை விலக்கித் தரையைத் தொடும் திறன் குறைகிறது; குளிர்காலத்தில் டயர் சூடேறவும் நேரமாகிறது. வட இங்கிலாந்தில் ஓட்டுகிறவருக்கு ஈரச் சாலையே இயல்பான சாலை. கலிஃபோர்னியாவில் இருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம். ரிம்மின் அகலமும் டயருக்குப் பொருந்த வேண்டும்: 185/60 ஆர்14க்கு ஐந்து முதல் ஆறரை அங்குலம் வரை, 195/50 ஆர்15க்கு ஐந்தரை முதல் ஏழு வரை, 205/50 ஆர்15க்கு ஐந்தரை முதல் ஏழரை வரை. டயரின் அகலத்தை அளந்து அறிவிப்பதற்கு முறையே ஐந்தரை, ஆறு, ஆறரை அங்குல ரிம்களைக் கொள்கிறார்கள். அந்த நடு அளவை ஒட்டி ரிம்மை வைத்துக்கொண்டால் பக்கச்சுவர் நேராக நிற்கும். குறுகிய டயரை அகன்ற ரிம்மில் இழுத்து மாட்டும் வழக்கத்தில் ரிம்மின் விளிம்பு காப்பின்றி வெளியே நிற்கிறது, பக்கச்சுவரின் நெகிழ்வும் போய்விடுகிறது.

சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். மூல டயரின் குறியீடு 82எச். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. 195/50 ஆர்15 பெரும்பாலும் 82வி என்று வருகிறது. சுமை அதே, வேகம் 240. இதற்குக் கீழே இறங்கக் கூடாது. அதே சமயம் மேலே போவதிலும் பயனில்லை: கூடுதல் சுமைக்கென்று வலுவூட்டப்பட்ட டயர்களின் பக்கச்சுவர் இந்தக் காருக்குத் தேவையற்ற விறைப்புக் கொண்டது. பெரிய விட்டங்களில் பல டயர்கள் அந்த வலுவூட்டப்பட்ட வகையாகவே வருவது 17 அங்குலத்தின் இன்னொரு குறை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மூல அளவையே ஏன் நான் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி எழும். காரணம் சந்தை. 185/60 ஆர்14 அளவில் இன்றும் டயர் கிடைக்கிறது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சிக்கனத்தையும் நீண்ட ஆயுளையும் கருதிச் செய்யப்பட்டவை. ஈரப் பிடிப்பில் முதல் தரமும், வளைவில் உறுதியும் ஒருங்கே உள்ள டயரை அந்த அளவில் தேடினால் பட்டியல் சிறிதாகிவிடுகிறது. 195/50 ஆர்15இல் சாலைக்கான நல்ல டயர்களிலிருந்து ரேஸ் பாதைக்கானவை வரை தேர்வு அதிகம். விட்டம் ஏறக்குறைய ஒன்றே, பக்கச்சுவர் 97.5 மி.மீ., போதுமான நெகிழ்வு உண்டு. இந்த அளவை இரண்டாம் தலைமுறைக் காரில் மாஸ்டாவே பயன்படுத்தியது, ஆறு அங்குல அகலமும் 40 ஆஃப்செட்டும் கொண்ட 15 அங்குலச் சக்கரத்தோடு. ஆகவே நான் அந்தத் தொழிற்சாலைச் சக்கரங்களையே இரண்டாம் கையாக வாங்கினேன். நடுத்துளை 54.1, நட் குழி கூம்பு, ஆஃப்செட் ஏற்றது. ஹப் ரிங்கோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் வளையமோ எதுவும் வேண்டியதில்லை. புதிய அலாய் சக்கரங்களின் விலையில் சிறு பகுதிதான் ஆனது. மிச்சமான பணம் நல்ல டயருக்குப் போனது. பணம் குறைவாக இருந்தால் சக்கரத்தில் சிக்கனம் பிடியுங்கள், டயரில் பிடிக்காதீர்கள்.

பழைய சக்கரம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. வெளிப்புறக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியும், அவை பெரும்பாலும் தோற்றக் குறைதான்; ஆபத்தானவை உட்புற விளிம்பில் இருக்கும் நெளிவும் மயிரிழை வெடிப்பும். டயர்க் கடையில் சிறு கட்டணம் கொடுத்துச் சமன்படுத்தும் இயந்திரத்தில் வெறும் சக்கரத்தைச் சுழலவிட்டால் நெளிவு உடனே தெரிந்துவிடும். எனக்குக் காட்டப்பட்ட முதல் செட்டில் ஒரு சக்கரத்தின் உட்புறத்தில் வெடிப்பைப் பற்றவைத்து மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். அதை விட்டுவிட்டு வேறு செட் தேடினேன். புதிதாக வாங்குகிறவர்கள் சக்கரத்தின் உறுதிக்கான ஜப்பானின் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் வார்ப்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. டயரின் பக்கச்சுவரில் டாட் குறியின் இறுதியில் இருக்கும் நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். குறைவாக ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் டயரின் பட்டை தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடுகிறது. இங்கே சட்டப்படி 1.6 மி.மீ. பட்டை இருந்தால் போதும். ஆனால் பத்து வயதான டயரில் ஐந்து மில்லிமீட்டர் பட்டை இருந்தாலும் மழையில் அதை நான் நம்ப மாட்டேன்.

மாட்டிய பின் இடைவெளியைச் சோதிக்காமல் சாலையில் இறங்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன்சக்கரம் உட்புறப் பிளாஸ்டிக் உறையையும் ஸ்டெபிலைசர் கம்பியையும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் ஜாக்கை சஸ்பென்ஷனின் கீழ்க்கைக்கு அடியில் வைத்து உயர்த்தி, ஸ்பிரிங் அழுந்திய நிலையில் டயருக்கும் மட்கார்டின் உள்விளிம்புக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பார்க்கலாம். உரசினால் அந்த விளிம்பை உருட்டி மடக்குவது பலரும் செய்யும் வழக்கம். இந்தக் காரில் அதைச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்பேன். மடக்கும்போது வண்ணமும் மூட்டின் அடைப்பும் வெடிக்கும். பின்சக்கர வளைவும் அதை ஒட்டிக் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ எனப்படும் பகுதியும் இந்தக் காரில் துரு முதலில் பிடிக்கும் இடங்கள். சாலையில் உப்புத் தூவும் நாட்டில் அந்த வெடிப்பு ஓரிரு குளிர்காலத்திலேயே ஓட்டையாகிவிடும். விளிம்பை மடக்கினால்தான் ஒரு டயர் ஏறும் என்றால் அந்த டயர் இந்தக் காருக்கு உரியது அன்று.

நட்டுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால்தான் முடுக்க வேண்டும். தொழிற்சாலை சொல்லும் அளவு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். மாட்டுவதற்கு முன் ஹப்பின் பரப்பில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, எண்பது கி.மீ. ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சோதிப்பேன். காற்றழுத்தத்தில் கவனம் தேவை: இந்தக் காருக்குத் தொழிற்சாலை குறித்தது 26 பி.எஸ்.ஐ. டயர்க் கடைகளில் பழக்கத்தால் 32 அடித்துவிடுகிறார்கள்; அந்த அழுத்தத்தில் கார் துள்ளுவதைச் சக்கரத்தின் குறை என்று எண்ணிவிடக்கூடும். 195/50 டயரில் 26, 27 எனக்கு நன்றாகவே அமைகிறது. அலைன்மென்ட்டில் முன்சக்கரத்துக்கு ஒரு பாகையும் பின்சக்கரத்துக்கு ஒன்றரைப் பாகையும் எதிர்க் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்வது), முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஏறக்குறைய சுழியம், பின்னால் சிறிது உள்நோக்கிய டோ என்று வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கான போல்ட்டுகள் இத்தனை ஆண்டுகளில் புஷ்ஷின் உட்குழலோடு துருப்பிடித்து இறுகியிருக்கும். அலைன்மென்ட் கடைக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பே ஊடுருவும் எண்ணெய் தெளித்து, அவை சுழல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் ஓட்டுகிறவர்கள் சக்கர அளவை மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்து நேரும்போது இழப்பீடு சிக்கலாகும். ஒரே அச்சில் இரண்டு அளவு டயர்கள் இருந்தால் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது. டிக்கியில் இருக்கும் மெல்லிய தற்காலிக ஸ்டெப்னியின் விட்டம் சுமார் 517 மி.மீ. மட்டுமே; மற்றச் சக்கரங்களைவிடப் பத்து சதவீதம் சிறிது. லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களின் வேக வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள காரில் அதைப் பின்னால் மாட்டி ஓட்டினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் தேயும். பின்டயர் பஞ்சரானால் முன்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாற்றிவிட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, மெதுவாக வீடு வந்து சேர வேண்டும்.